பரணில் கிடக்கும் பட்டாசு

கணபதி விசர்ஜன் முடிந்து, கொலுப் பொம்மைகளை இறக்கப் பரணில் ஏறும்போதுதான் அந்த அட்டைப்பெட்டி கண்ணில் படும். பழைய டேபிள் ஃபேனுக்கும் கொலுப்படிக்கும் நடுவில் மூலையில் கிடக்கும். உள்ளே போன தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியவை: அரைப் பெட்டி கம்பி மத்தாப்பு, மூன்று புஸ்வாணம், பிரிக்காத லட்சுமி வெடிக் கட்டு ஒன்று, திரி கழன்ற ராக்கெட் இரண்டு. மும்பையில் தாதர், மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று எந்தத் தமிழர் வீட்டிலும் அந்த நேரத்தில் எழுகிற கேள்வி ஒன்றுதான். "போன வருஷத்து வெடி இந்த வருஷம் வெடிக்குமா?"

வெடிக்கலாம். ஆனால் எப்படி வெடிக்கும், எப்போது வெடிக்கும் என்று அதைச் செய்தவரே சொல்ல முடியாது. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

சிவகாசி வெயிலும் மும்பை மழையும்

பட்டாசுத் தொழில் சிவகாசியில் வேரூன்றியதற்கு அந்த ஊரின் வறட்சியும் ஒரு காரணம். 1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து 1940களில் பட்டாசு வளர்ந்தது. மழை குறைந்த கரிசல் பூமி, ஈரமில்லாத காற்று, முற்றத்தில் பரப்பினால் ஒரே பகலில் காய்ந்துவிடுகிற வெயில் என்று மருந்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

அங்கே செய்த சரக்கை நாம் மும்பைக்குக் கொண்டுவந்து ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருக்கிறோம். சிவகாசிப் பக்கம் ஆண்டு முழுவதும் பெய்வது மும்பை மழையில் பாதிகூட இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே சுவரில் பூஞ்சை பிடிக்கிறது, பெட்டியில் வைத்த பட்டுப்புடவை நாறுகிறது, அப்பளம் ஒரே நாளில் துவண்டுபோகிறது. ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. ஆகவே ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் ஒரு முழு மழைக்காலம் உண்டு. பட்டாசின் ஆயுளை மும்பையில் மாதக் கணக்கில் பார்ப்பதைவிட, மழையைத் தாண்டியதா இல்லையா என்று பார்ப்பதே சரி.

ஈரம் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். திரியிலும் புஸ்வாணத்திலும் ராக்கெட்டின் அடிக்குழலிலும் இருப்பது அடிப்படையில் கருமருந்து. ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும், மருந்தை ஒட்டவைக்கும் பசையும் ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்ட உப்பு கரைந்து மேலே நகர்ந்து, காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு உள்ளே கலவை ஒரே சீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் உப்பு அதிகம், ஓரிடத்தில் கரி அதிகம். மத்தாப்பில் இரும்புத்தூள் உண்டு. அது துருப்பிடித்துவிட்டால் பொறி வராது, புகைதான் வரும்.

வெடிகளிலும் பளீரென்று எரிகிறவற்றிலும் அலுமினியத் தூள் இருக்கிறது. நைட்ரேட் உப்போடு கலந்த அலுமினியத் தூளில் ஈரம் சேர்ந்தால் இரண்டும் மெதுவாக வினைபுரிந்து சூட்டையும் அம்மோனியா வாயுவையும் வெளியிடும். இதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற கார நெடி வந்தால், அல்லது அட்டை வெதுவெதுப்பாகத் தெரிந்தால், இரண்டாவது யோசனை வேண்டாம். அதைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒரு நாள் வெயில்

நான் வளர்ந்தது தாதரில் ஒரு சாலில், மூன்றாம் மாடி. வீடு என்பது ஒரே ரூம், ஒரு மூலையில் குளிக்கவும் துவைக்கவும் மோரி, மேலே பரண், வெளியே பன்னிரண்டு குடித்தனங்களுக்கும் பொதுவான கேலரி. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா முறத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, போன வருஷத்துப் பட்டாசை அதில் பரப்பி, கேலரிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வெயிலில் வைப்பார். திருநெல்வேலியில் அவருடைய அப்பா மொட்டைமாடியில் செய்ததைத்தான் இங்கே அவரும் செய்தார்.

"இது நமத்துப் போச்சேப்பா, வேண்டாமே" என்பேன்.

"ஏலே, நமத்ததுக்கு ஒரு நா வெயில் போதும்லே. காசு குடுத்து வாங்குனத தூரப் போடுவாகளா?"

1991 தீபாவளியன்று அந்த முறத்திலிருந்த புஸ்வாணம் ஒன்றைச் சித்தப்பா மகன் பற்றவைத்தான். திரி பிடித்தது. பூ வரவில்லை. ஒரு நொடி அமைதியாக இருந்தது. இவன் எட்டிப் பார்த்துக் கையை நீட்டினான். அது பூவாகச் சொரியாமல் அப்படியே வெடித்தது. இடது கையில் மூன்று விரல்கள் தீய்ந்துபோயின. இன்றைக்கும் அந்த விரல்களை அவனால் முழுதாக மடக்க முடியாது. அப்பா அதற்குப் பிறகு முறத்தை எடுக்கவே இல்லை.

பல வருஷம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. புஸ்வாணத்துக்குள் மருந்தை இறுக்கிக் கெட்டித்திருப்பார்கள். மேலிருந்து கீழாக, ஒரு அடுக்கு எரிந்து முடிந்த பிறகு அடுத்த அடுக்கு எரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இறுக்கம். ஈரத்தில் ஊறி உப்பி, வெயிலில் சுருங்கிக் காயும்போது அந்தக் கெட்டிப்பில் வெடிப்பு விழும். நெருப்பு அந்த வெடிப்புக்குள் இறங்கி, எல்லா மருந்தையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். பத்து இருபது நொடி பூப்பூக்க வேண்டியது ஒரே வெடியாகிவிடும். ராக்கெட்டுக்கும் இதே கதைதான். மேலே போக வேண்டியது பாட்டிலுக்குள்ளேயே வெடிக்கும். நமத்துப்போன பட்டாசு வெடிக்காமல் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நமத்துக் காய்ந்ததுதான் ஆளைக் கெடுக்கிறது.

ஆகவே வெயிலில் காயவைக்காதீர்கள். அடுப்புப் பக்கத்தில், வாணலியில், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில், ஹேர் டிரையரில் என்று வீட்டுக்கு வீடு கேள்விப்படுகிற எந்த வைத்தியமும் வேண்டாம். உள்ளே போன ஈரத்தை வெளியேற்றலாம், உடைந்த கெட்டிப்பை ஒட்டவைக்க முடியாது.

எது எத்தனை நாள்

பட்டாசுக்கு மருந்து மாத்திரை போலக் காலாவதித் தேதி கிடையாது. ஈரமும் சூடும் படாத இடத்தில் சில ஆண்டுகள்கூடக் கெடாமல் இருக்கும். அப்படிப்பட்ட இடம் மும்பையில் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். இந்த ஆண்டுச் சரக்கு என்றால், தீபாவளியிலிருந்து அடுத்த மே மாதக் கடைசி வரை ஒழுங்காக வைத்திருந்தால் கெடாது. மழை தொடங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழையைத் தாண்டியும் ஓரளவு நம்பத்தக்கது, கண்ணாடித்தாள் பிரிக்காத கம்பி மத்தாப்பு மட்டுமே. அதிலும் கம்பியில் துரு, மருந்தில் வெள்ளைப் பூப்பு, தொட்டால் உதிர்வது என்று எது தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். பாதியில் மருந்து கட்டியாகக் கழன்று எரிந்துகொண்டே குழந்தையின் காலில் விழும். மத்தாப்பு எரியும் சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதை மறந்துவிட்டு, அதைக் குழந்தைப் பட்டாசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சங்கு சக்கரம் ஈரம் பட்டால் காகிதச் சுற்று தளர்ந்து, சுழலாமல் ஓடும். புஸ்வாணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ராக்கெட்டில் இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் குச்சி வளையும். வளைந்த குச்சி ராக்கெட்டை எதிர் பில்டிங் ஜன்னலுக்குள் அனுப்பும். சால்களும் சொசைட்டிகளும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கிற நம் சந்துகளில் பழைய ராக்கெட் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

லட்சுமி வெடி, குருவி வெடி, இங்கே சுத்லி பாம் என்று சொல்கிற சணல் சுற்றிய அணுகுண்டு ஆகியவற்றில் ஆபத்து திரியில்தான். பழைய திரி இரண்டு விதமாகக் கழுத்தறுக்கும். அணைந்துவிட்டது போல உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து நீங்கள் குனியும்போது வெடிக்கும். அல்லது மருந்து உதிர்ந்த வெறும் நூல், பற்றியதும் ஓட நேரம் தராமல் பொசுக்கென்று உள்ளே போய்விடும். பிசுக்குப் பிடித்த திரி, கையில் கரி ஒட்டும் திரி, அடியிலிருந்து தூள் கொட்டும் வெடி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சில பட்டாசுகளுக்கு வயது பார்க்கவே வேண்டியதில்லை, வீட்டில் இருக்கவே கூடாது. நாட்டு வெடி, வெங்காய வெடி என்று ஊர்ப் பக்கம் கட்டுகிறவை அழுத்தத்திலும் உரசலிலும் வெடிக்கும். 2021 தீபாவளி நாளில், நவம்பர் 4 அன்று, புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் இவற்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போன ஒரு தந்தையும் ஏழு வயது மகனும் வழியிலேயே இறந்தார்கள். யாரும் தீ வைக்கவில்லை. ஓடுகிற வண்டியில் அது தானாகவே வெடித்தது. தரையில் எறிந்தால் டப்பென்று வெடிக்கும் சின்னக் காகிதப் பொட்டலங்களும், துப்பாக்கிக் கேப்பும் உரசலில் வெடிப்பதற்கென்றே செய்தவை. வாங்கினால் தனியாக வையுங்கள். வேறு பட்டாசோடு ஒரே பையில் போடாதீர்கள்.

வருஷக்கணக்காகக் கிடக்கும் பெட்டிக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுகளையும் சரவெடியையும் தடைசெய்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே அனுமதி என்றது. நாகபுரியில் உள்ள நீரி ஆய்வகத்தின் முத்திரையும் க்யூஆர் குறியும் இருக்கிறதா என்று இப்போது பெட்டியில் பார்க்கிறோமே, அது அதற்குப் பின் வந்தது. சீனப் பட்டாசில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் இன்னும் பழைய விவகாரம். குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலப்பதை இந்தியா 1992லேயே தடைசெய்துவிட்டது. அந்தக் கலவை லேசான உரசலுக்கே தீப்பிடிக்கும். பரணில் வெளிநாட்டு எழுத்துப் போட்ட பெட்டி ஏதாவது கிடந்தால் ஆராய்ச்சி வேண்டாம்.

எங்கே வைப்பது

இதைச் சொல்லும் முன், மும்பைக்காரர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. போருக்கான வெடிபொருள் சுமார் 1,400 டன் அதில் இருந்தது. வழியில் கராச்சியில் பஞ்சு மூட்டைகளையும் ஏற்றியிருந்தார்கள். பஞ்சில் தீப்பிடித்தது. தீ வெடிபொருளை எட்டியபோது மாலை நான்கு மணி கடந்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு. துறைமுகம் சிதைந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர்விட்டார்கள். நாடெங்கும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக இருப்பது அவர்கள் நினைவாகத்தான்.

வெடிபொருளையும் எளிதில் தீப்பிடிக்கும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே அங்கே நடந்த தவறு. நம் வீட்டுப் பரணில் பஞ்சு மெத்தை, பழைய புடவை மூட்டை, செய்தித்தாள் கட்டு ஆகியவற்றோடு பட்டாசுப் பெட்டி இருக்கிறது. அளவு வேறு, தவறு அதேதான்.

பரண் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. சூடான காற்று மேலே தங்கும். தாராவியில் மேல் ரூமுக்குத் தகரமோ சிமெண்ட் ஷீட்டோதான் கூரை. அக்டோபர் வெயிலில் அதன் அடியில் கை வைக்க முடியாது. ஷீட் இடுக்கில் மழை ஒழுகியிருந்தால் சூடும் ஈரமும் மாறி மாறிப் படும். சமையல் மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் ஒற்றை ரூம் வீடுகளில் அங்கேதான் இடம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையில் பிடித்த தீ பக்கத்துக் கடையின் கேஸ் சிலிண்டர்களையும் எட்டியபோதுதான் பெருஞ்சேதமானது. மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. மீட்டர் பெட்டி, இன்வர்ட்டர், ஃபிரிட்ஜின் பின்புறம், வெயில் படும் பால்கனி, கார் டிக்கி எதுவும் கூடாது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் இரவு, புதுத்துணி, நல்லெண்ணெய், லேகியம், பட்சணம் எல்லாவற்றோடும் பட்டாசையும் சாமி முன் வைத்துப் படைக்கிறோம். குத்துவிளக்கு எரியும், ஊதுவத்தி சாம்பல் உதிரும், கற்பூரம் காட்டுவோம். படைக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு மத்தாப்புப் பெட்டியை, விளக்குக்கு எட்டாத தூரத்தில், மனைப்பலகையில் வையுங்கள். மற்றவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். விளக்கு அமர்ந்த பின் அந்தப் பெட்டியையும் எடுத்துவிடுங்கள்.

சரி, வேறு எங்கே? பெரும்பாலான வீடுகளில் நல்ல இடம் என்பது படுக்கை ரூம் அலமாரியின் நடுத்தட்டு, அல்லது பூட்டு உள்ள மர அலமாரி. தரையிலிருந்து ஒரு முழமாவது உயரம், வெளிச்சுவரை ஒட்டாமல், குழந்தைக்கு எட்டாமல். கடையில் கொடுத்த பெட்டியோடு வைப்பதே நல்லது. பிரித்து ஒன்றாகக் கொட்டினால் உரசி மருந்து உதிரும். எல்லாவற்றையும் ஒரு தடித்த அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி, மருந்துப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நாலைந்து போட்டு, அட்டைக்கு வெளியே பிளாஸ்டிக் சுற்றுங்கள். பெட்டியின் மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் பெரிதாக எழுதுங்கள். பிஸ்கட் டின்னும் ட்ரங்குப் பெட்டியும் ஈரத்தைத் தடுக்கும் என்று பலரும் அதில் பூட்டி வைக்கிறார்கள். உள்ளே தீப்பிடித்தால் அட்டை கிழிந்து எரியும். இறுக மூடிய தகரம் அழுத்தம் ஏறி வெடித்துத் துண்டு துண்டாகப் பறக்கும்.

எவ்வளவு வாங்குவது

சேமித்து வைப்பதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே தவிர, என் உண்மையான யோசனை சேமிக்கவே வேண்டாம் என்பதுதான். 2023 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தை முதலில் இரவு 7 முதல் 10 என்று வைத்து, சில நாளிலேயே 8 முதல் 10 என்று குறைத்தது. ஒவ்வொரு ஆண்டும் அப்போதைய உத்தரவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடிகாலையில் வெடிக்கிற நம் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். மும்பையில் விடிகாலைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, அந்த உத்தரவுப்படி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். இரண்டு குழந்தைகள் அந்த நேரத்தில் எத்தனை மத்தாப்புப் பிடிப்பார்கள், எத்தனை புஸ்வாணம் வைப்பார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வாங்குவது பரணுக்காக வாங்குவது.

"ஊரில் சல்லிசு" என்பது நம்மவர்களின் நிரந்தர ஆசை. செப்டம்பரில் ஊருக்குப் போனவர் திரும்பி வரும்போது துணிமணிக்கு நடுவில் நாலு பெட்டி மறைத்துக் கொண்டுவருவது நடக்கிறது. தாதர்-திருநெல்வேலி வண்டி கொங்கண் மலைகளையெல்லாம் சுற்றி முழு நாளுக்கு மேல் ஓடுகிறது. அந்த நேரமெல்லாம் உங்கள் சீட்டுக்கு அடியில், யாரோ புகைபிடிக்கிற, யாரோ போனைச் சார்ஜ் போடுகிற ரயில்பெட்டியில், அந்தப் பட்டாசு இருக்கிறது. ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவுப்படி இதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை கிடக்கட்டும். அந்த ரயில்பெட்டியில் உங்கள் குழந்தையும் தூங்குகிறது. இணையத்தில் ஆர்டர் போடுவதற்கும் 2018 தீர்ப்பே தடை விதித்திருக்கிறது.

உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். பண்டிகைத் தற்காலிகக் கடை என்றால் நின்று ஒரு பார்வை பாருங்கள். 2008 வெடிபொருள் விதிப்படி அது தீப்பிடிக்காத பொருளால் கட்டியதாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்கும் அதற்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கக் கூடாது, எண்ணெய் விளக்கோ கேஸ் விளக்கோ இருக்கக் கூடாது. காகித விளக்கு மாட்டிய நடைபாதையில் துணிக் கூடாரம் போட்டு, கீழே வடாபாவ் அடுப்பு எரிய விற்கிறவரிடம் அது எத்தனை வருஷத்துச் சரக்கு என்றும் தெரியாது, எங்கே மழையில் கிடந்தது என்றும் தெரியாது.

மிஞ்சியதைத் தீர்க்கத் தமிழர்களுக்கு நாள் இருக்கிறது. கார்த்திகை தீபம் தீபாவளிக்குச் சில வாரங்களிலேயே வந்துவிடும். மழை போய்க் காற்று காய்ந்திருக்கும், சரக்கும் புதிது. அக்கம்பக்கத்து மராட்டிக் குடும்பங்கள் அதற்கு முன்பே துளசி விவாகத்தன்று தங்கள் மிச்சத்தை முடித்துவிடுவார்கள். அது நல்ல வழக்கம். நேர உத்தரவைப் பார்த்துக்கொண்டு நாமும் கார்த்திகையோடு பெட்டியைக் காலி செய்துவிடலாம். "அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்ற வார்த்தையை அன்றோடு வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

வெடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகும்போது

2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தில் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாண வேடிக்கையின்போது, எரிந்துகொண்டே விழுந்த வாணத்திலிருந்து பட்டாசு வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கேலரியிலும் சொசைட்டி முற்றத்திலும் திறந்த பட்டாசுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டே பற்றவைக்கிறோம். பையை வீட்டுக்குள் வையுங்கள். ஒரு பெரியவர் நாலு நாலாக எடுத்துக் கொடுக்கட்டும். சட்டைப் பையில் யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வெடிக்காமல் போனதை மறுபடியும் பைக்குள் போடுவது இன்னொரு பழக்கம். அரைமணி நேரம் அதன் கிட்டேயே போகாதீர்கள். பிறகு தள்ளி நின்று ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, வாளிக்குள் தள்ளிவிடுங்கள். இரவே அதை முடிக்கச் சொல்வதற்குக் காரணம் மறுநாள் காலை. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான்: விடிந்ததும் முற்றத்தில் காகிதக் குப்பையைக் கிளறி வெடிக்காத வெடிகளைப் பொறுக்குவோம். நடுவில் கிள்ளி மருந்தைச் செய்தித்தாளில் கொட்டி, ஒரு கைப்பிடி சேர்ந்ததும் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவோம். புஸ்ஸென்று ஆளுயரத்துக்கு எழும். குனிந்திருப்பவனின் புருவமும் இமையும் பொசுங்கும். கண் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். பெரியவர்கள் முந்தின இரவே கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தால் எங்களுக்கு ஒரு வெடியும் கிடைத்திருக்காது.

வைத்திருக்கும் பெட்டியே தீப்பிடித்துவிட்டால் அணைக்க முயலாதீர்கள். பட்டாசுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதன் மருந்துக்குள்ளேயே இருக்கிறது. போர்வை போட்டு மூடினாலும் மணல் கொட்டினாலும் அது எரியும். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101க்குக் கூப்பிட்டு "உள்ளே பட்டாசு இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். சுட்ட காயத்துக்குக் குழாய்த் தண்ணீர் இருபது நிமிஷம். மை, பற்பசை, காபித்தூள், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஒரு காகிதக் கோப்பையை அழுத்தாமல் மேலே மூடி நேராக மருத்துவமனைக்கு. ஆம்புலன்ஸுக்கு 108.

ஒரு வாளித் தண்ணீர்

பழைய பட்டாசைக் குப்பைத் தொட்டியில் காய்ந்தபடி போடாதீர்கள். அதை நசுக்கி ஏற்றுகிற வண்டியும், கையால் பிரிக்கிற தொழிலாளியும் அடுத்து அங்கே வருகிறார்கள். கொளுத்தி முடிக்கலாம் என்றோ, மருந்தைப் பிரித்துக் கொட்டலாம் என்றோ நினைக்காதீர்கள்.

மோரியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியை முக்கால் பங்கு தண்ணீரால் நிரப்புங்கள். இரும்பு வாளி வேண்டாம். பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்துவிட்டு, பட்டாசைக் கொஞ்சம் கொஞ்சமாக, தூக்கி எறியாமல், உள்ளே இறக்குங்கள். முதலில் மிதக்கும். மேலே ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து ஒரு செங்கல்லை வையுங்கள். வாளியை இறுக மூடக் கூடாது, அலுமினியத்திலிருந்து வாயு வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், மோரிப் பக்கம் விளக்கு ஏற்றவோ ஊதுவத்தி கொளுத்தவோ வேண்டாம். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். அட்டைச் சுற்று கூழாகி, விரலால் தொட்டாலே பிரியும் நிலை வந்தால் முடிந்தது. ஈரத்தோடே ஒரு பையில் கட்டி, இன்ன பொருள் என்று சொல்லிக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுங்கள். அந்தத் தண்ணீரைத் துளசி மாடத்தில் ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள். ஒரு வாளிக்கு மேல் சரக்கு இருந்தால் நீங்களாகக் கையாள வேண்டாம். தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள்.

இதைப் படிக்கிற இன்றைக்கே ஏணியை எடுத்துப் பரணில் ஏறுங்கள். டார்ச் கொண்டு போங்கள், மெழுகுவர்த்தி வேண்டாம். பெட்டி கிடைத்து, அதன் மேல் தேதி இல்லையென்றால், அது ஒரு மழைக்காலத்தையாவது பார்த்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வாளியை நிரப்புங்கள்.